த்ரீ டீ, டூ யூ, நயன் யூ

மாமாவின் யார்டில் எந்த வண்டிக்கும் கம்பெனி வைத்த பெயர் புழக்கத்தில் இல்லை. டி-7 புல்டோசர் என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனாலும் 'த்ரீ டீ' என்றுதான் சொல்வார்கள். டி-8 வந்து நின்றால் அது 'டூ யூ'. யாராவது டி-6 என்று ஆரம்பித்தால், "எய்ட் யூவா, நயன் யூவா? அதைச் சொல்லுங்க மொதல்ல" என்பார் மாமா. இவையெல்லாம் கேட்டர்பில்லர் கம்பெனி தன் வண்டிகளின் வரிசை எண்ணுக்கு முன்னால் அடித்து அனுப்பிய அடையாளங்கள். ஓர் இலக்கம், ஓர் எழுத்து. அதற்குப் பின்னால் 1-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் எண். பதினாறாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறிக்கொண்டிருந்த வயதில் இந்த வரிசை மட்டும் தலைகீழாக ஒப்பிக்க வரும். வீட்டில் யாரும் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

1970-களின் நடுப்பகுதி அது. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அம்மா என்னையும் தம்பியையும் ஈரோட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவாள். சென்னிமலை ரோட்டில், ஊர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் மாமாவின் யார்டு. தம்பிக்குத் தெருவில் பம்பரக் கூட்டம் இருந்தது. எனக்கு, அத்தை தூக்குப்போசியில் ஊற்றித் தரும் காபியை யார்டுக்குக் கொண்டுபோகிற வேலை. போனால் திரும்பி வர மனசு வராது.

சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே நுழைந்தால் இடப்பக்கம் கழற்றிப் போட்ட டிராக் செயின்கள் சுருண்டு கிடக்கும். வெயில் ஏறிய பிறகு அதன் மேல் உட்கார்ந்தால் பாவாடையோடு தொடை பொரிந்துவிடும். வலப்பக்கம் வேப்பமரத்தடியில் இன்ஜின் பிளாக்குகள், ஹெட்டுகள், ரேடியேட்டர்கள். நடுவில் மூன்று கால் நாட்டிச் செயின் பிளாக் தொங்கும். மண் எல்லாம் கறுப்பு. பழைய டீசலும் கிரீஸும் ஊறி ஊறி, மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே வானவில் நிறத்தில் நிற்கும். ஒரு மூலையில் திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பனியன் வேஸ்ட். கை துடைப்பதிலிருந்து அடுப்பு பற்ற வைப்பது வரை எல்லாவற்றுக்கும் அதுதான்.

இந்த வண்டிகள் ஈரோட்டுக்கு எப்படி வந்தன என்பதற்கு ஒரு நீண்ட கதை இருந்தது. மாமா அதைச் சொல்லும்போது கேட்பவர் யார் என்று பார்க்கவே மாட்டார். இரும்பு வாங்க வந்தவரிடமும் சொல்வார், என்னிடமும் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை அசாமிலிருந்து பர்மாவுக்குள் லீடோ சாலையை வெட்டியது. 1942 கடைசியில் தொடங்கி 1945 ஜனவரியில் சீனா வரை வண்டி போய்விட்டது. மலையை வெட்டி அந்தப் பாதையைத் திறந்ததில் புல்டோசர்களுக்குப் பெரிய பங்கு. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்களைத் திரும்பக் கப்பலேற்றுவதைவிட இங்கேயே விற்பது லாபம் என்றாகிவிட்டது. மிஞ்சிய கேட்டர்பில்லர் வண்டிகள் மலிவு விலைக்குக் கிடைத்தன. 1945-இலேயே லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனி கேட்டர்பில்லரோடு ஒப்பந்தம் போட்டு விற்பனையில் இறங்கியது. அப்புறம் சுதந்திரம், அணை கட்டுகிற காலம். 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்த கீழ்பவானித் திட்டம், கனடாவின் உதவியோடு நீலகிரியில் நடந்த குந்தா மின் திட்டம், அதன் பிறகு பரம்பிக்குளம் - ஆழியாறு. பவானிசாகர் அணை எட்டுக் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். அதில் பெரும்பகுதி மண்ணால் கட்டிய கரை. மண்ணைத் தள்ள, பரப்ப, இறுக்க வண்டி வேண்டும். ஒரு திட்டம் முடிந்தால் அதில் தேய்ந்த வண்டிகள் ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கு வந்தால் மாமா போய் நிற்பார்.

புது வாய்க்கால் பாசனத்துக்கு வந்த மேட்டுக்காடுகளைச் சமன்படுத்த அப்போது சுற்றுவட்டாரத்தில் வண்டி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கல் குவாரிக்காரர்களும் கேட்டார்கள். ஆகவே வாங்குகிற பழைய வண்டியை ஓட வைத்தாக வேண்டும். ஓட வைக்க ஸ்பேர் வேண்டும். ஸ்பேர் வேண்டுமானால் எண் வேண்டும். யார்டின் மொத்தப் பிழைப்பும் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எண் தெரியாமல் வண்டியைப் பார்த்து மாடலைச் சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம். ஆனால் மாடல் மட்டும் தெரிந்து பிரயோஜனம் இல்லை. டி-7 என்ற ஒரே பெயரில் 1940-லிருந்து 1944 வரை வந்தது 'செவன் எம்'. 1944-லிருந்து 1955 வரை வந்தது 'த்ரீ டீ'. டி-8 என்ற பெயரில் போர்க்காலத்தில் வந்தது 'எய்ட் ஆர்', போர் முடிந்தபின் வந்தது 'டூ யூ'. டி-6-இல் எய்ட் யூவுக்கும் நயன் யூவுக்கும் இன்ஜின் ஒன்றுதான். இரண்டு டிராக்குகளுக்கு நடுவிலுள்ள அகலம் மட்டும் மாறும். முன்னது 60 அங்குலம், பின்னது 74 அங்குலம். இன்ஜின் பாகம் வேண்டியவனுக்கு இது வெறும் தகவல். அடிப்பாகத்துக்கு ஸ்பேர் வாங்குகிறவனுக்கு இதுதான் எல்லாம். ஒரே முன்னெழுத்துக்குள்ளும் நடுவழியில் கம்பெனி பம்பை மாற்றியிருக்கும், பேரிங்கை மாற்றியிருக்கும். பார்ட்ஸ் புத்தகத்தில் 'இந்த எண் முதல் இந்த எண் வரை' என்று போட்டிருக்கும். ஓர் எண் தள்ளியிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு மாமா பேசும்போது தெருவே கேட்கும். "த்ரீ டீங்க... மூணு, அப்புறம் டீ... டைகர் டீ! டைகர்! புலிங்க!" எதிர்முனையில் இருந்தவருக்கு அது எதுவாகக் கேட்டதோ, போர்டு ஆபரேட்டர் குறுக்கே வந்து மூன்று நிமிடம் முடிந்தது என்பார். மாமா ரிசீவரை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

*

எண்ணைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்றால், என் கை சிறியது. இன்ஜின் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கும்போது தகடு இருக்கிற இடத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெரியவர்கள் கை நுழையாது. எல்லாவற்றையும் கழற்றிப் பார்க்கலாம். அதற்கு ஒரு நாள் கூலி. "கண்ணு, இங்க வா. கையை உள்ள உடு பாக்கலாம்" என்று மாமா ஒரு தடவை கூப்பிட்டார். அதோடு அந்த வேலை எனக்கு வந்துவிட்டது.

ஆனால் சொல்லிக்கொடுத்தது மாமா இல்லை, மேஸ்திரி. மேஸ்திரி பவானிசாகரில் அணை வேலை நடந்தபோது சின்னப் பையனாகத் தண்ணீர் குடம் தூக்கப் போய், அங்கேயே ஹெல்ப்பராகி, வண்டிகளோடு வண்டியாக வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. தமிழே தெரியாது என்றால் இங்கிலீஷ் எங்கே. ஆனால் யார்டில் எந்த எண்ணையும் அவர் பார்த்துச் சொன்னால்தான் மாமா நம்புவார். எழுத்துகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். யூ என்றால் லாடம். டீ என்றால் சுத்தி. எம் என்றால் ரெட்டைக் கரடு. த்ரீ டீ அவருக்கு 'மூணு சுத்தி', டூ யூ 'ரெண்டு லாடம்'. செவன் எம்மை 'ஏழு கரடு' என்பார். கேட்டுச் சிரித்த புதுப் பையன்களுக்கு அன்றைக்கு முழுக்க கிரீஸ் வழிக்கிற வேலை கிடைக்கும்.

அவர் முதலில் எனக்குக் காட்டியது புடைப்புக்கும் குழிவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பிளாக்கைத் தடவினால் பல எண்கள் தட்டுப்படும். மேடாகத் துருத்திக்கொண்டிருப்பவை வார்ப்பிலேயே வந்தவை. அந்த அச்சில் எத்தனை ஆயிரம் பிளாக் ஊற்றினாலும் அத்தனையிலும் அதே எண்தான் இருக்கும். இன்ன பாகம் என்று சொல்லுமே தவிர இன்ன இன்ஜின் என்று சொல்லாது. பள்ளமாக இறங்கியிருப்பது ஆள் கையால் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் அடித்தது. அது அந்த ஒன்றுக்கு மட்டும் உரியது. "மேடு ஊருக்குப் பொது பாப்பா. பள்ளந்தான் அதோட சொந்தம்" என்று விரலைப் பிடித்துவைத்துத் தடவச் சொன்னார். வெளியிலிருந்து வந்த புரோக்கர்கள் பலர் வார்ப்பு எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொண்டுவந்து இதுதான் நம்பர் என்பார்கள். மேஸ்திரி சீட்டை வாங்கிப் பார்க்காமலே மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

பிறகு சுத்தம் செய்கிற முறை. முதலில் கட்டையால் மேல் அழுக்கைச் சுரண்ட வேண்டும். உளி, ஸ்க்ரூ டிரைவர் கூடாது. சீமெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டை அந்த இடத்தில் அப்பி, சாப்பிட்டுவிட்டு வருகிற வரை ஊறவிட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்து அந்தப் பரப்பு முழுக்கத் தேய்த்து, உள்ளங்கையால் லேசாகத் துடைத்தால் மேலே உள்ள வெள்ளை போய்விடும். பள்ளத்தில் இறங்கிய வெள்ளை மட்டும் நிற்கும். அப்போது எண் கறுப்புப் பலகையில் எழுதியதுபோலத் தெரியும். அப்படியும் தெரியாத இடத்தில் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே இல்லாத இரும்பு, சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடும். அதுவும் பலிக்கவில்லை என்றால் மெல்லிய தாளை வைத்து, பென்சில் முனையைச் சாய்த்துத் தேய்த்து எடுப்பது. என் கணக்கு நோட்டில் நடுப்பக்கங்கள் காணாமல் போனது இப்படித்தான்.

உப்புத்தாளைக் கையில் எடுத்தால் மட்டும் மேஸ்திரிக்குக் கண் சிவந்துவிடும். துருவை எடுக்கிறேன் என்று உப்புத்தாள் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். போன பிறகு அந்த இன்ஜின் யார் என்று அதற்கே தெரியாது.

மூன்றும் எட்டும்தான் பெரிய சண்டைக்காரர்கள். பஞ்ச் சரியாக இறங்காத எட்டு மூன்றாகத் தெரியும்; மூன்றின் பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தால் எட்டாகிவிடும். ஒன்றும் ஏழும் அப்படியே. கண்ணை நம்பாமல் நகத்தை வைத்து இழுக்கச் சொல்வார் மேஸ்திரி. பஞ்ச் அடித்த கோட்டின் இரண்டு ஓரத்திலும் இரும்பு லேசாக உதடுபோல எழும்பி நிற்கும். தற்செயலாக விழுந்த கீறலுக்கு அந்த உதடு இருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு லீவு முழுக்க ஆனது. புரிந்த பிறகு இருட்டிலும் படிக்க வந்தது. இன்றும் ஏதாவது பழைய இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் கை தானாகப் பிளாக்கின் ஓரத்தைத் தேடுகிறது. கூட வருகிறவர்களுக்கு இது சங்கடம்.

*

ஒரு சித்திரை மாதம் ஒரு டி-7 வந்தது. விற்றவர் ஒரு காண்ட்ராக்டர். லாரியிலிருந்து பலகை போட்டு இறக்கும்போதே புது மஞ்சள் பெயின்ட் கண்ணைப் பறித்தது. வண்டியின் பின்னால் த்ரீ டீ எண். இன்ஜினில் இருந்த தகட்டிலும் அதே எண். அந்தக் காலத்து வண்டிகளில் கம்பெனி வண்டிக்கும் இன்ஜினுக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும். இரண்டும் பொருந்தினால் பிறந்த இன்ஜினோடு வந்த வண்டி என்று அர்த்தம், விலையும் அதற்கேற்ப. காண்ட்ராக்டரின் ஆள் சந்தோஷமாகப் பன் தின்றுகொண்டிருந்தார்.

மேஸ்திரி தகட்டைப் பார்க்கவில்லை. தகட்டின் மூலைகளைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, ஆணி எப்படி இருக்குது?" என்றார். கையை விட்டுத் தடவினேன். தகடு வழவழவென்று தேய்ந்திருந்தது. ரிவெட்டுகளின் தலை மட்டும் கூராக இருந்தது. இருபது வயது தாண்டிய தகட்டை நேற்றுப் பிறந்த ஆணி பிடித்துக்கொண்டிருந்தது.

மாமா ஒன்றும் பேசாமல் போய்ச் சீமெண்ணெய் டின்னை எடுத்துவந்தார். பிளாக்கின் மேல் மஞ்சளைச் சுரண்டினால் கீழே இன்னொரு மஞ்சள், கொஞ்சம் மங்கியது. அதற்கும் கீழே பச்சை. வேப்பிலைப் பச்சை இல்லை. காய்ந்த சாணிபோல ஒரு ராணுவப் பச்சை. வண்டியின் உடம்பில் வேறு எங்கே சுரண்டினாலும் அந்தப் பச்சை இல்லை, மஞ்சளுக்குக் கீழே நேராக இரும்பு. ஆக, போருக்குப் பின் வந்த வண்டிக்குள் போர்க்கால இன்ஜின் உட்கார்ந்திருக்கிறது. கேட்டர்பில்லர் வண்டிகள் 1931 கடைசியிலிருந்தே மஞ்சளில்தான் வந்தன. படைக்குப் போனவை மட்டும் பச்சை பூசிக்கொண்டன. 'ஏழு கரடு' என்று மேஸ்திரி முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது.

இரண்டுக்கும் இன்ஜின் ஒரே வம்சம்தான், டி-8800. நான்கு சிலிண்டர், 5¾ அங்குலம் விட்டம், 8 அங்குலம் ஸ்ட்ரோக். அதையே ஆறு சிலிண்டராக்கினால் டி-8-இன் டி-13000. பொருந்தாத இன்ஜினும் அந்த வண்டியை இழுக்கும். ஓடாது என்று மாமா சொல்லவில்லை. எந்தப் பார்ட்ஸ் புத்தகத்தைத் திறப்பது என்பதுதான் அவர் கவலை. தகட்டை நம்பி ஆர்டர் போட்டால் வருகிற பாகம் எல்லாம் ஒரு நூல் தள்ளி நிற்கும். பன் தின்றவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்கும் அப்படியே வந்ததுங்க" என்றார். பொய்யாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். பழைய வண்டி கைமாறும்போது பொய்யும் கூடவே கைமாறும். கடைசியில் வைத்திருப்பவர் அதை அடித்தவராக இருக்க வேண்டியதில்லை. மாமா விலையைக் குறைத்து வாங்கிக்கொண்டார்.

அந்த வண்டியை முதல் முறை ஸ்டார்ட் செய்த காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த இன்ஜின்களுக்கு பேட்டரி செல்ஃப் கிடையாது. பெரிய டீசலோடு சேர்ந்து ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜின் உட்கார்ந்திருக்கும், இரண்டு சிலிண்டர். முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, குட்டியைக் கையால் சுற்றி எழுப்ப வேண்டும். அது எழுந்ததும் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்குகிற சத்தம் போடும். அதை அப்படியே ஓடவிட வேண்டும். குட்டிக்கும் பெரியதுக்கும் குளிர்விக்கும் தண்ணீர் ஒன்று. குட்டி சூடானால் பெரியதும் சூடாகும். கம்ப்ரெஷன் லீவரைத் திறந்து வைத்து, கியரைக் கோத்து, கிளட்சைப் பிடித்தால் குட்டி திணறிக்கொண்டே பெரியதைச் சும்மா உருட்டும். கறுப்பு எண்ணெய் மேலே ஏறுகிற வரை உருட்ட வேண்டும். பிறகு லீவரை மூடி டீசலைத் திறந்தால், புகைக் குழாயிலிருந்து ஒரு வெள்ளைப் பந்து. ஒன்று, இன்னொன்று, அப்புறம் கறுப்பு. தரை அதிரும். வேப்பமரத்திலிருந்து காக்கைகள் எழும்பிப் போகும். ஆயிரம் சுற்றுக்கு மேல் போகாத இன்ஜின். ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாகக் காதால் எண்ணலாம் போலிருக்கும். மேஸ்திரி காபியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இரண்டாம் சிலிண்டர் நாசில் சரியில்லை என்று தள்ளி நின்றே சொல்லிவிட்டார்.

*

எல்லா இன்ஜினும் கேட்டர்பில்லர்போல முன்னெழுத்தைக் காட்டி ஊரையும் பேரையும் சொல்லிவிடுவதில்லை. ஜி.எம். டெட்ராய்ட் இன்ஜின் ஒன்று யார்டில் வெகுநாள் கிடந்தது. டூ-ஸ்ட்ரோக், ஓடினால் காது அடைக்கும். சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் கணக்கு வேறு. ஒரு சிலிண்டருக்கு எத்தனை கன அங்குலம் என்பதே அந்த வரிசையின் பெயர். 6-71 என்றால் ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். மாடல் எண் 1063 என்று தொடங்கினால் 1 நேர்வரிசை எழுபத்தொன்று, 06 சிலிண்டர், 3 தொழிற்சாலை, இயந்திர உபயோகம். அந்த மூன்றின் இடத்தில் 2 இருந்தால் படகுக்குச் செய்தது. எங்களிடம் இருந்ததில் 2 இருந்தது. கடலையே பார்க்காத ஈரோட்டில் படகு இன்ஜின் எப்படி வந்து, எதற்குள் இருந்தது என்று மாமா பல மாதம் யோசித்தார்.

அதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. டெட்ராய்ட்காரர்கள் எண்ணைப் பிளாக்கில் அடித்ததோடு, மேலே ராக்கர் கவரில் ஒரு தகட்டிலும் எல்லா விவரத்தையும் போட்டு அனுப்புவார்கள். படிக்க வசதி, குனிய வேண்டாம். ஆனால் ராக்கர் கவர் என்பது சில போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடுகிற மூடி. ஒழுகுகிறது என்று ஒரு மெக்கானிக் வேறொரு இன்ஜினின் மூடியை எடுத்து மாட்டினால் இன்ஜினின் பெயரும் மாறிவிடும். மாட்டியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. எங்களிடம் இருந்ததும் அப்படித்தான்: மூடி ஒன்று சொன்னது, பிளாக் வேறொன்று சொன்னது. படகு என்று சொன்னது மூடி.

பிறகு கம்மின்ஸ் வந்தது. 1962-இல் புனேயில் கிர்லோஸ்கரோடு சேர்ந்து இங்கேயே செய்ய ஆரம்பித்திருந்தார்கள். தகட்டில் நீளமாக ஓர் எண். அதைப் பார்த்து மேஸ்திரிக்கு ஒன்றும் ஓடவில்லை. லாடமும் இல்லை, சுத்தியும் இல்லை. வரிசையாக ஓடுகிற வெறும் இலக்கம். கம்பெனிக்காரன் தன் பதிவைத் திறந்து பார்த்தால் மட்டும் பேசுகிற எண். மாடல் என்று தனியாக என்.டி. 855 என்று போட்டிருந்தது. 855 என்பது மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். 5½ அங்குலம் விட்டமும் 6 அங்குலம் ஸ்ட்ரோக்குமாக ஆறு சிலிண்டருக்குக் கூட்டிப் பாருங்கள், வரும். நான் கூட்டிப் பார்த்து வந்தபோது மாமா எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். கணக்கு வாத்தியார் இதையெல்லாம் கேட்டதில்லை.

பெர்கின்ஸ் மட்டும் எனக்குப் பிடித்துப்போனது, வயதை ஒளிக்காததால். மெட்ராஸில் சிம்சன் கம்பெனி செம்பியத்தில் செய்த பெர்கின்ஸ் வகை இன்ஜின்கள் கிணறு வெட்டும் கம்ப்ரெசர்களில் நிறைய வரும். அவை எல்லோருக்கும் பழக்கம். எப்போதாவது சீமையிலிருந்து வந்த இன்ஜின் கிடைக்கும். அதன் எண் எல்.டி. என்று தொடங்கினால் 4.236, அதாவது நான்கு சிலிண்டர், 236 கன அங்குலம். நடுவில் பாகப் பட்டியல் எண். அதற்கடுத்து யூ என்று இருந்தால் இங்கிலாந்தில் செய்தது. கடைசி எழுத்து செய்த வருஷம்: 1974-க்கு ஏ, 1975-க்கு பி, அப்படியே போகும். "இதும் லாடந்தான்" என்று நடுவில் இருந்த யூவைக் காட்டி மேஸ்திரி சந்தோஷப்பட்டார். அந்த லாடமும் டூ யூவின் லாடமும் ஒன்றில்லை என்று எடுத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்றும் இப்போது தோன்றவில்லை.

எண்பதுகளில் ஹைட்ராலிக் வண்டிகள் பெருகின. கேபிளில் பிளேடு தூக்குகிற பழைய வண்டிகளுக்கு ஸ்பேர் வருவது குறைந்தது. த்ரீ டீக்கு லைனர் செட் வேண்டுமென்றால், இன்னொரு த்ரீ டீயை அறுத்தால்தான் உண்டு என்றாகிவிட்டது. எண்ணைப் படிக்கிற வேலைக்கு அப்போதுதான் மதிப்பு கூடியது. எதை அறுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்க வேண்டியிருந்ததே. மாமா ஒரு பேரேட்டு நோட்டில் எல்லா எண்ணையும் ஏற்றி வைத்தார். இன்ன எண், இன்ன ஊரிலிருந்து வந்தது, எந்தெந்தப் பாகம் எந்த எண்ணுக்குப் போனது. சில பக்கங்களில் என் பென்சில் பிரதிகளையே ஒட்டியிருந்தார்.

அந்தப் பிரதிகளால் ஒரு தகராறும் நடந்தது. மெட்ராஸில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற ஒரு கடை, எண்ணில் எட்டை மூன்றாகப் படித்துக்கொண்டு வேறு பேரிங் செட்டை அனுப்பிவிட்டது. ரயில் பார்சலில் திருப்பி அனுப்பி, மறுபடி வர ஒரு மாதத்துக்கு மேல். குவாரிக்காரர் யார்டு வாசலில் பாய் விரிக்காத குறை. அதன் பிறகு மாமா ஆர்டர் கடிதத்தோடு எண்ணைத் தாளில் தேய்த்து எடுத்த பிரதியையும் ஊசி குத்தி அனுப்ப ஆரம்பித்தார். கடையிலிருந்து டைப் அடித்த ஒரு பதில் வந்தது: படங்கள் தேவையில்லை, எண்ணைத் தெளிவாக எழுதி அனுப்பினால் போதுமானது.

மாமா அதை எனக்குப் படிக்கக் கொடுத்தார். நான் மேஸ்திரிக்குப் படித்துக் காட்டினேன். அவர் டிராக் செயின் மேல் குந்தியிருந்தவர், பீடியை அணைத்துவிட்டு, "ஏனுங்க மொதலாளி, அந்தக் கடைக்காரருக்குக் கையில விரலு இல்லீங்களா?" என்றார். அடுத்த ஆர்டருக்கு அவரே பென்சிலை வாங்கி, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தித் தேய்த்துக் கொடுத்தார். அதற்குக் கீழே மாமா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன்: இது எட்டு, மூன்று அல்ல.